விளிம்புவரை நிறைந்த பீப்பா

சிரிப்புக் கதை ஒன்று சொல்லப் போகிறேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள், ஆனால் சிரிப்பு கடைசியில்தான் வரும், நடுவில் எழும்பி எங்கே எங்கே என்று கேட்கக் கூடாது. இது ஒரே ஆளை ஒரு குளிர்காலம் முழுக்க ஏமாற்றிய கதை. அதற்கு முன் நான் ஏமாற்றியதெல்லாம் கைப்பழக்கத்துக்கு: கணக்கு வாத்தியாரின் மூக்குக் குரலில் வகுப்பைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பினேன், திராட்சைத் தோட்டத்து முதலாளி தொன் நூன்சியோவின் கரகரப்பில் "சாப்பாட்டுக்கு விடுங்கடா" என்று மதிலுக்குப் பின்னால் நின்று கத்தி, வெயில் ஏறுமுன்னே எல்லாரையும் கத்தரிக்கோலைக் கீழே போட வைத்தேன், பாதிரியார் இல்லாத நேரம் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் ஏறி அவரைப் போலவே இருமி, சிஞ்ஞோரா அசுந்தாவுக்கு ஒரு வாரம் பக்கத்து வீட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்று தண்டனை கொடுத்தேன், பாவம், மனுசி இரண்டு நாளிலேயே காய்ச்சலில் படுத்துவிட்டார். "இவள் தொண்டைக்குள்ள சந்தை வைச்சிருக்கிறாள்" என்பார் அம்மா. அப்பாவோ, "எடி டிலக்சி, ஆற்ர குரலையும் எடு, என்ர குரலை மட்டும் விடு, எனக்கு வேற இல்லை" என்பார். அதனாலேயே அதை முதலில் எடுத்தேன்.

சிரிப்புக்கு முன் மலை. நாங்கள் இருப்பது சிசிலியில், எட்னா எரிமலையின் கிழக்குத் தோளில், கடலைப் பார்த்த ஒரு கறுப்பு ஊரில். கறுப்பென்றால் மதில் கறுப்பு, மண் கறுப்பு, மலை இருமினால் வானத்திலிருந்து விழுகிற சாம்பலும் கறுப்பு, அதைக் கூட்டி அள்ளுவதற்கென்றே வாசலுக்கு வாசல் ஒரு விளக்குமாறு நிற்கும். அந்தக் கறுப்பிலிருந்துதான் கரிக்காந்தே என்ற வெள்ளைத் திராட்சை வருகிறது, குந்தியிருக்கிற ஆளின் உயரத்தில், ஒவ்வொரு கொடியும் ஒவ்வொரு தடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மற்ற எல்லாத் திராட்சைக்கும் பிறகு பழுத்து, பிழிந்த புதிதில் பல்லுக் கூசுகிற புளிப்பாக. எரிமலைக் கல்லைக் குடைந்த நிலவறையில், ஓக் மரப் பீப்பாக்களில், தன் மண்டியோடேயே அது நீண்ட காலம் கிடக்க வேண்டும். அப்போதுதான் புளிப்பு அடங்கி, பொன்நிறம் ஏறி, புகையும் உப்பும் வறுத்த கொட்டையும் சேர்ந்த ருசி வரும். அந்த ருசிக்காக வடக்கிலிருந்து ஆட்கள் கார் பிடித்து வருவார்கள்.

ஆனால் மரம் மூச்சு விடும். ஓக் பலகையின் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளால் வாராவாரம் கொஞ்சம் வைன் காற்றோடு போய்விடும், பீப்பாவுக்குள் மேலே ஒரு வெறுமை விழும், அந்த வெறுமையில் காற்று குடியிருந்தால் உள்ளே இருப்பதெல்லாம் மெல்ல மெல்லப் புளித்து வினாகிரியாகிவிடும். அதனால் வாராவாரம் மூடியைத் திறந்து, போன அளவை ஊற்றி, விளிம்பு தொடுகிறவரை நிரப்ப வேண்டும். எங்கள் மலையில் அது பெண்களின் வேலை. தொன் நூன்சியோவின் நிலவறையில் அது அம்மாவின் வேலை, பள்ளிக்கூடம் விட்டால் என்னுடைய வேலையும். வைக்கோல் சுற்றிய பெரிய கண்ணாடிக் குடுவைகளில் இதற்கென்றே வைன் எடுத்து வைத்திருக்கும். நீண்ட மூக்கு வைத்த தகரக் கேத்தலில் அதை வாங்கி, பீப்பா பீப்பாவாக ஊற்றிக்கொண்டு போவோம்.

கொடி வெட்டுவது அப்பாவின் வேலை. நேசராசா என்ற பெயரை இவர்கள் நேசோ ஆக்கினார்கள், அவரும் திரும்பிப் பார்த்தார். போன அறுவடை முடிந்த கையோடு, லண்டனில் ஒரு கடையில் நின்று உழைத்து எங்களைக் கூப்பிடுகிறேன் என்று ஒரு பையோடு புறப்பட்டார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு பேரும் நாலு நாள் சண்டை, ஐந்தாம் நாள் அவர் வாசலில் நின்று "ராணி, போட்டு வாறன்" என்றபோது அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. பிரான்சிலிருந்து ஒருமுறை எனக்குப் போன் எடுத்தார், லொறி கிடைச்சிட்டுது பிள்ளை, அங்கால போய்க் கதைக்கிறன் என்று. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. "நான் முகம் குடுத்து ஒரு சொல்லுச் சொல்லேல்லையே" என்று அம்மா சாம்பலைக் கூட்டும்போதும் சொன்னார், சோறு வடிக்கும்போதும் சொன்னார், நித்திரையிலும் சொன்னார்.

அந்த வருஷம்தான் பீப்பாக்கள் கதைத்தன.

பிழிந்த சாறு புளித்துப் பொங்கும்போது பீப்பாவுக்குள் உலை கொதிக்கிற சத்தம் கேட்கும், அது எல்லா வருஷமும் கேட்பதுதான், குளிர் இறங்கினால் அடங்கிவிடும். அந்த வருஷமும் அடங்கியது. பிறகு தொன் நூன்சியோ தடிமன் காய்ச்சலில் படுத்து, நிலவறைச் சாவியையும் தலையணைக்குக் கீழ் வைத்துக்கொண்டு படுத்ததால், நாங்கள் ஒரு வாரம் ஊற்றவில்லை. அடுத்த வாரம் கதவைத் திறந்தபோது, வாசலோடிருந்த பீப்பா, நாற்பது வயதுக்காரரின் சோம்பல் குரலில், "அசுந்தா, அந்த ஓடு இன்னும் ஒழுகுதோ?" என்று கேட்டது. அம்மா கேத்தலைக் கீழே வைத்தார், தன் நெற்றியிலிருந்த திருநீற்றை விரலால் தொட்டுப் பீப்பாவின் நெற்றியில் பூசினார், போய் சிஞ்ஞோரா அசுந்தாவைக் கூட்டி வந்தார். அசுந்தா கையில் மாவோடு வந்து நின்று கேட்டார். பெல்ஜியத்து நிலக்கரிச் சுரங்கத்தில் செத்துப்போன அவருடைய புருஷன் ரொக்கோவின் குரல் அது.

"ஒழுகுது" என்றார் அசுந்தா. "நீ போன நாள்தொட்டு ஒழுகுது. இப்பதான் கேக்க நேரம் கிடைச்சுதோ?"

"வாளி வைச்சனியோ?"

"வாளியும் உக்கிப்போச்சு, ரொக்கோ."

கோவில் முடிந்து ஞாயிறுகளில் ஊர் கதிரைகளோடு வரத் தொடங்கியது. பாதிரியார் ஒரு வாரம் யோசித்தார், பூசை முந்தி, பீப்பா பிந்தி என்று மட்டும் சொன்னார், சொல்லிவிட்டு முதல் வரிசையில் தனக்கு ஒரு கதிரை போட்டார். செத்தவர்கள் பெரிய விஷயம் ஒன்றும் பேசவில்லை. சொர்க்கம் எப்படி என்று கேட்டால் கேட்காத மாதிரி இருந்துவிட்டு, சாவி எங்கே வைத்தாய், கழுதைக்கு லாடம் அடித்தாயா, எனக்குப் போட்டு அனுப்பிய சப்பாத்து கடிக்கிறது என்றார்கள். நகரசபையிலிருந்து ஓர் இளைஞன் வந்து, பென்ஷன் காரணமாக, தாங்கள் செத்துவிட்டதை ஒவ்வொருவரும் சொந்தக் குரலில் உறுதிப்படுத்த வேண்டும் என்று கேட்டான், அவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் உறுதிப்படுத்தியதில் அவனுக்குக் காது அடைத்துவிட்டது. எங்கே செத்திருந்தாலும், அந்தத் தோட்டத்துக் கொடியில் ஒரு நாளாவது கைவைத்தவராக இருந்தால் அவருக்கு ஒரு பீப்பா இருந்தது. எனக்கோ கொண்டாட்டம். பழைய நகரபிதாவின் குரலில் ஒருநாள், இன்று வைன் எல்லாருக்கும் இலவசம் என்று அறிவித்தேன்; தொன் நூன்சியோ அழப்போனார். இது இல்லை நான் சொன்ன சிரிப்பு. பொறுங்கள்.

மேலே விழுகிற அந்த வெறுமையில்தான் குரல் இருக்கிறது என்று கண்டுபிடித்ததும் தொன் நூன்சியோதான். கஞ்சன் மனுசன், ஒரு வருஷத்து வைன் கெட்டுப்போகிறதே என்று தாங்க மாட்டாமல், கேத்தலைத் தூக்கிக்கொண்டு வந்து ரொக்கோவின் பீப்பாவை நிரப்பினார். ரொக்கோ "அசுந்தா, நான் அண்டைக்கு" என்றார், பிறகு வாய் நிறையத் தண்ணீர் வைத்த ஆளைப்போல ஒரு சத்தம், பிறகு வெறும் மரம். அசுந்தா தொன் நூன்சியோவின் சட்டையைப் பிடித்துவிட்டார், ஊர் கதிரைகளைத் தூக்கிவிட்டது, அவரோ என் வைன் என் பீப்பா என்று அடுத்ததற்குப் போனார், அடுத்த பீப்பா மூடியைத் திறந்ததும் அவருடைய அம்மாவின் குரலில், "நூன்சியோ, காலுறை போட்டிருக்கிறியா?" என்றது. அவர் கேத்தலை வைத்தார். குனிந்து தன் காலைப் பார்த்தார். "போட்டிருக்கிறன், அம்மா" என்றார், போட்டிருக்கவில்லை.

அன்றோடு அந்த நிலவறையில் யாரும் ஊற்றவில்லை. யாரும் ஊற்றாததால் வெறுமை வளர்ந்தது, வெறுமை வளரக் குரல்கள் தெளிந்தன, குரல்கள் தெளிய வைன் புளித்தது, படியில் இறங்கும்போதே மூக்கில் ஏறுகிற அந்த வாசனையைப் பற்றி ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒரேயொருமுறை, இறைச்சிக் கடைக்காரரின் விதவை, எல்லாரும் பார்த்திருக்கத் தன் கையால் கேத்தலை எடுத்து, தன் புருஷனின் பீப்பாவை விளிம்புவரை நிரப்பி, அவன் விக்கி அடங்குகிறவரை நின்று, கையைக் கழுவிக்கொண்டு போனார். அவருடைய முன்பற்கள் இரண்டும் ஏன் இல்லை என்று ஊருக்குத் தெரியும். ஒருவரும் தடுக்கவில்லை. ஆனால் மழை வந்து ரொக்கோவின் பீப்பாவில் மறுபடி வெறுமை விழுந்த காலத்துக்குள் அந்த மலையில் ஒரு விஷயம் சட்டம் போலாகிவிட்டது: பீப்பாவை நிரப்புகிறவர் ஒரு வாயை அடைக்கிறார்.

இன்னொன்றும் தெளிந்தது. செத்தவர்கள் மட்டும்தான் பேசினார்கள். ஜெர்மனிக்கும் ஆர்ஜென்டினாவுக்கும் போய்க் கடிதமே போடாத பிள்ளைகளின் குரல் எதிலும் வரவில்லை, அதனால் அவர்களைப் பெற்றவர்கள் ஞாயிறு முழுக்க மௌனத்தைக் கேட்டுவிட்டு, முகம் மலர்ந்து வீட்டுக்குப் போனார்கள். இந்தக் கதை பலெர்மோவரை போய், ஒரு ஞாயிறு பஸ் நிறைய அங்கேயுள்ள எங்கள் தமிழ் ஆட்கள் வந்தார்கள். வன்னியில் மகனைத் தொலைத்தவர்கள், புருஷனைத் தங்கள் கையாலேயே ஆமியிடம் ஒப்படைத்தவர்கள். மடியில் படத்தை வைத்துக்கொண்டு பீப்பாக்களுக்கு முன்னால் இருந்தார்கள். அவர்களோடு பீப்பாக்களில் ஒன்றும் பேசவில்லை. "என்ர பெடியன் கதைக்கேல்லை, ராணியக்கா" என்று ஒருவர் அம்மாவின் கையைப் பிடித்தார், "அப்ப இருக்கிறான்." அம்மா "ஓம், இருக்கிறான்" என்று தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அவர்களுடைய பிள்ளைகள் இந்தக் கொடிகளைத் தொட்டதேயில்லை என்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை, நான்கூட.

அம்மாவும் அப்படித்தான். முழு ஞாயிறும் ஒரு மெத்தைத் துண்டைப் போட்டு இருந்து, எல்லாப் பீப்பாவையும் காது கொடுத்துக் கேட்டு, எழும்பும்போது சேலையைத் தட்டிக்கொண்டு, "இண்டைக்கும் இல்லை" என்பார். அந்த இரண்டு சொல்லிலும் வாரம் முழுவதற்குமான சோறு இருந்தது.

ஒரு பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு நான் தனியே நிலவறைக்குப் போய், ரொக்கோவிடம் ரொக்கோவின் குரலிலேயே பேசி அவரைக் குழப்பிக்கொண்டிருந்தேன். ஆகக் கடைசி மூலையில், சில வருஷத்துப் பழைய வைன் கிடக்கிற, எப்போதும் வாய் திறவாத ஒரு பீப்பாவிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. அட, நல்லாச் செய்கிறாயே என்று என்னையே மெச்சினேன், ஏனென்றால் அது நான்தான் என்று நினைத்தேன். பிறகு என் வாய் மூடியிருப்பதைக் கவனித்தேன்.

"கதவு திறக்குதில்லை" என்றது பீப்பா. "பிள்ளை, மீன் பெட்டியெல்லாம் ஐஸ். கையில உணர்ச்சி இல்லை. ஆரும் வெளியில நிண்டால் தட்டுங்கோ."

நான் தட்டினேன். பீப்பாவைத்தான் தட்ட முடிந்தது. "ஆர்?" என்றது. நான் என் வாழ்க்கையில் முதல்முறையாக எந்தக் குரலும் அகப்படாமல் நின்றேன். அது மறுபடி முதலிலிருந்து, கதவு திறக்குதில்லை என்றது.

நாளைக்கு ஞாயிறு. அம்மா மெத்தைத் துண்டோடு வருவார். கண்ணாடிக் குடுவைகள் யாருக்கும் வேண்டாமல் மெழுகு உடைக்காமல் நின்றன. நான் ஒன்றின் மெழுகை உடைத்து, கேத்தலில் வாங்கி, மூலைப் பீப்பாவில் ஊற்றினேன். "ஆரும் வெளியில" என்று அப்பா விக்கினார். ஒரு சொட்டுச் சிந்தாமல் விளிம்புவரை நிரப்பினேன், அம்மா பழக்கிய மாதிரி. மூடியை இறுக்கினேன். ஞாயிறு அம்மா வந்து அந்த மூலையிலும் காது வைத்துவிட்டு, "பாவம், இதுக்குள்ள ஆருமேயில்லை" என்று அதைத் தடவிவிட்டு எழும்பினார். "இண்டைக்கும் இல்லை."

இப்போது சிரிப்பு கிட்ட வருகிறது. ஏமாற்று என்றால் பாதியில் விடக் கூடாது, அதுதான் என் கொள்கை. மௌனம் ஒரு அளவுக்குத்தான் பசி தீர்க்கும். நத்தார்ப் பண்டிகை வரமுன்னே அம்மா மறுபடி, உயிரோட இருந்தால் ஏன் போன் எடுக்கேல்லை என்று தொடங்கிவிட்டார். கத்தானியாச் சந்தையில் ஒரு பழைய போன் வாங்கினேன். அடுத்த புதன்கிழமை, தோட்டத்து மேல் மதிலில் ஏறியிருந்து, நம்பர் தெரியாதபடி அம்மாவுக்கு எடுத்தேன். தொண்டையைக் கீழே இறக்கி, அப்பா பேசும்போது வருகிற அந்தச் சின்ன விசிலைப் பல்லிடுக்கில் வைத்து, "ராணி" என்றேன்.

அங்கே சட்டிக்குள் கரண்டி விழுகிற சத்தம் கேட்டது. பிறகு, "செத்துப்போனியளாக்கும் எண்டு நினைச்சன்" என்றார் அம்மா, மிகவும் அமைதியாக.

"சும்மா இரும். வேலை. போன் துலைஞ்சு போச்சு."

"சாப்பிட்டீங்களோ?"

"ஓம். ரொட்டியும் சம்பலும்."

"ஆர் சம்பல் இடிச்சது? உங்களுக்கு உரல் எந்தப் பக்கம் எண்டும் தெரியாதே. அங்க ஆரும் ஒருத்தி நிக்கிறாளோ?"

"கடைக்காரற்ர மனுசி."

"வயசென்ன?"

"எழுபது."

"அப்ப சரி" என்று அம்மா சிரித்தார். நான் மதிலில் இருந்தே நடனம் ஆடினேன்.

புதன் புதனாக நான் அப்பாவானேன். லண்டன் மழையைப் பற்றிச் சொன்னேன், அங்குள்ள கத்தரிக்காயைத் திட்டினேன், என்னைப் பற்றியே விசாரித்து, "அவள் படிக்கிறாளோ, இல்லாட்டி ஆற்ர குரலையோ எடுத்துக்கொண்டு திரியிறாளோ?" என்று கேட்டு, அம்மா என்னைப் பற்றிச் சொன்ன குறைகளையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அம்மா தலைமுடிக்கு எண்ணெய் வைத்தார். ஆங்கிலம் படித்தார், பீப்பாக்களுக்கு நடுவில் நின்று குட் மோர்னிங் சொல்ல, தொன் நூன்சியோவின் அம்மா வேறு பாஷை பேசுகிறாளே இவள் யார் என்று உள்ளேயிருந்து கேட்டார். ஒரு புதன் அம்மா, "இஞ்சாருங்கோ, நீங்கள் போகேக்குள்ள நான் நிமிர்ந்தும் பாக்கேல்லை. மனசில வைக்காதேங்கோ. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். என்ன சொல்வது? நான் அப்பாவின் விசிலோடு, "அதெல்லாம் அண்டைக்கே மறந்திட்டன், விசர்" என்றேன். அம்மா அழுதார். அன்றிரவு கனகாலத்துக்குப் பிறகு நித்திரையில் ஒன்றும் பேசாமல் படுத்தார். உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? எனக்கு வந்தது, இருமல் மாதிரி.

சனிக்கிழமைகளில் கேத்தல். ஒரு வாரமும் விடவில்லை. அவர் வாயில் ஒரு விரற்கடை வெறுமைகூட விழ விடவில்லை.

பங்குனி போய், கொடிகளில் தளிர் வந்தபோது, வேறு வழியில்லாமல் தொன் நூன்சியோ மிலானோவிலிருந்து வைன் வியாபாரியைக் கூப்பிட்டார். அவர் ஒரு ஞாயிறு பார்த்து வந்து சேர்ந்தார், நீலக் கோட்டும் கையில் கண்ணாடிக் குழாயுமாக. ஊர் கதிரைகளில் இருந்தது. அவர் ரொக்கோவின் பீப்பாவில் குழாயை விட்டு உறிஞ்சி, கிண்ணத்தில் விட்டு, வாயில் வைத்து, துப்பினார். "வினாகிரி."

"உடம்புக்கு நல்லது" என்றது பீப்பா.

வியாபாரி பீப்பாவைப் பார்க்கவில்லை. வியாபாரிகள் எதையும் பார்த்தவர்கள். அடுத்தது வினாகிரி, அதற்கடுத்தது வினாகிரி, தொன் நூன்சியோவின் அம்மா என் பிள்ளையின் வைனையா துப்புகிறாய் என்று வைதார், தொன் நூன்சியோ தொப்பியைக் கசக்கிக்கொண்டே பின்னால் நடந்தார். மூலைக்கு வந்தார்கள். நான் பாதிரியாரைப் போல் இருமினேன். தொன் நூன்சியோவைப் போல் "சாப்பாட்டுக்கு விடுங்கடா" என்றேன். யாரும் எழும்பவில்லை. வியாபாரி குழாயை விட்டு எடுத்தார், மணந்தார், வாயில் வைத்தார். துப்பவில்லை. கண்ணை மூடினார். பொன் போலிருந்தது கிண்ணத்தில்.

"இதுதான்" என்றார் கடைசியில். "புகை, உப்பு, எல்லாம் இருக்கு. நான் இவ்வளவு தூரம் வந்தது இதுக்குத்தான். இதை ஆர் பார்த்துக்கொண்டது?"

தொன் நூன்சியோ ஒரு வாய் குடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நன்றியோடு அம்மாவைப் பார்த்தார். "ராணி, நீயா?"

"நானில்லை, தொன் நூன்சியோ" என்றார் அம்மா. "நீங்கள் கேத்தலைக் கீழ வைச்ச நாளோட நானும் அதைத் தொடேல்லை."

பிறகு எழும்பி வந்து பீப்பாவை விரல் மொழியால் தட்டினார், மேலே, நடுவில், கீழே. எல்லா இடத்திலும் ஒரே சத்தம், நிறைந்த சத்தம். இறைச்சிக் கடைக்காரரின் விதவை நிலத்தைப் பார்த்தார். அசுந்தா சிலுவை போட்டார். வியாபாரிக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

அம்மா கேத்தலை எடுத்தார், பீப்பாவின் அடியிலிருந்த குழாயைத் திறந்தார், நிரப்பினார், வரிசையாகப் போய் எல்லாருடைய கிண்ணத்திலும் ஊற்றினார். "குடியுங்கோ" என்றார். யாருக்கும் மனமில்லை. "குடியுங்கோ. ஒருத்தரும் மிச்சம் வைக்கக் கூடாது." அவர்கள் குடித்தார்கள், பாதிரியார் குடித்தார், வியாபாரி இரண்டு தரம் குடித்தார், அந்த மலையில் அதைவிட நல்ல வைனை அவர்களில் எவரும் குடித்ததில்லை என்பது அவர்களுடைய முகத்தில் வெட்கமாகத் தெரிந்தது. கேத்தல் மறுபடி நிறைந்தது, மறுபடி வெறுமையானது. நான் ரொக்கோவானேன், நகரபிதாவானேன், கணக்கு வாத்தியாரானேன், என்னிடமிருந்த முழுச் சந்தையையும் திறந்து, ஒருவர் குரலுக்கு மேல் ஒருவர் குரலாகப் போட்டேன், "அம்மா போதும்" என்பதை மட்டும் எந்தக் குரலில் சொல்வதென்று தெரியாமல். பீப்பாவுக்குள் மட்டம் இறங்குகிற சத்தம் கேட்டது. மேலே ஒரு வெறுமை விழுந்தது. ஓக் பலகைகள் ஒரு மூச்சு இழுத்தன.

அம்மா குழாயை மூடினார். பீப்பாவுக்குக் காது கொடுக்கவில்லை. என்னைத்தான் பார்த்தார், என் கண்ணை அல்ல, வாயை, அதிலிருந்து இன்னும் வந்துகொண்டிருந்த நகரபிதாவின் குரலை, அது தேய்ந்து நின்றுபோகிறவரை.

"எடி பிள்ளை" என்றார், "நான் புதன்கிழமை மன்னிப்புக் கேட்டனே. அது ஆரிட்டை?"